முள்ளம்பன்றி கிச்சாப்பு

(மகேன் ஆன்லைனில் வாங்கிய ஊனி கிச்சாப்பை, அதாவது சோயா சாஸை, பெரியம்மாவிடம் காட்டுகிறான்.)

பெரியம்மா: முள்ளம்பன்றியைப் பிழிந்தா கிச்சாப்பு எடுத்தார்கள்?

மகேன்: முள்ளம்பன்றி இல்லை பெரியம்மா. லண்டாக் லாவுட். மலாயில் ‘கடல் முள்ளம்பன்றி’ என்று பெயர், ஆங்கிலத்தில் ஸீ அர்ச்சின். கடலில் கிடப்பது. பந்து மாதிரி இருக்கும், உடம்பெல்லாம் முள்.

பெரியம்மா: அதைத்தான் நானும் சொல்கிறேன். செம்பனைக் கன்றைக் கடித்துப் போடுகிற லண்டாக்கைத் தேடி உன் பெரியப்பா எத்தனை ராத்திரி டார்ச் லைட்டோடு அலைந்தார்! அப்போதே கடலுக்கு ஓடிவிட்டது போலிருக்கிறது.

மகேன்: ஜப்பானில் இதை ஊனி என்பார்கள். உடைத்தால் உள்ளே ஐந்து மஞ்சள் சுளை இருக்கும்.

பெரியம்மா: பலாப்பழமா?

மகேன்: முட்டை என்று சொல்கிறார்கள். உண்மையில் அது... அதனுடைய இனப்பெருக்க உறுப்பு.

பெரியம்மா: டேய், சாமி விளக்கு எரிகிறது. மெதுவாகப் பேசு. சுங்கை சிப்புட்டில் பிறந்துவிட்டு சிப்புட் கறியை, அதான் நத்தைக் கறியை, தொடமாட்டாய். இதற்கு எத்தனை வெள்ளி கொடுத்தாய்?

மகேன்: 48.

பெரியம்மா: இந்தச் சின்னப் புட்டிக்கா? பின்னால் என்ன போட்டிருக்கிறது, படி.

மகேன்: சோயா, உப்பு, சீனி... ஊனி.

பெரியம்மா: அதிகமாக இருப்பதைத்தானே முதலில் எழுதுவார்கள்? கல்யாணப் பந்தியில் நம்மை உட்காரவைக்கிற இடத்தில் இருக்கிறது உன் ஊனி.

மகேன்: சரி, இந்த இன்னொரு புட்டியைப் பாருங்கள். இது அரைத்த ஊனி. உப்பும் ஆல்கஹாலும் சேர்த்தது. ஜப்பானில் ஷிமோனோசெக்கி பக்கத்தில் ஒரு தீவில் ஊனி மேல் தவறிப்போய் ஜின் கொட்டிவிட்டதாம். ருசியாக இருந்ததாம். அப்படித்தான் ஆரம்பித்ததென்று கதை.

பெரியம்மா: உன் பெரியப்பாவும் ஒருநாள் கள்ளை மீன்குழம்பில் கவிழ்த்தார். அதை யாரும் புட்டியில் போட்டு விற்கவில்லை. வாசலில் படுக்கவைத்தேன்.

மகேன்: நம் மலேசியாவிலேயே சாப்பிடுகிறார்கள் பெரியம்மா. சபாவில், செம்போர்னா பக்கம் பஜாவ் மக்கள் இதன் ஓட்டுக்குள் அரிசியை அடைத்து வேகவைப்பார்கள். தெஹே தெஹே என்று பெயர்.

பெரியம்மா: அவர்கள் 48 வெள்ளி கொடுத்தா வாங்குகிறார்கள்?

மகேன்: இல்லை, கடலில் இறங்கி எடுப்பார்கள்.

பெரியம்மா: அது சமையல். நீ ரசீதைத் தாளிக்கிறாய்.

மகேன்: ஒரு தடவை ருசி பாருங்கள். சுடுசோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றி, மேலே இந்தக் கிச்சாப்பை நாலு சொட்டு...

பெரியம்மா: பச்சை முட்டையா? லண்டாக்குக்கு அடுப்பு மூட்டத் தெரியாது, சரி. உனக்குமா?

மகேன்: சரி, வெண்ணெயில் மீ நூடுல்ஸ் பிரட்டலாம். முதலில் மோந்து பாருங்கள், கடல் வாசம்.

பெரியம்மா: போன மாதம் நான் கருவாடு பொரித்தபோது உன் பெண்டாட்டி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு கார் வரைக்கும் போனாள். இறால் பெலாச்சான் வறுத்தால் நீ ஜன்னலைச் சாத்துகிறாய். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கினால் நாற்றம், ஆன்லைனில் வந்தால் வாசமா?

(கருவாடு விஷயத்தில் நானும் பெரியம்மா கட்சிதான். எங்கள் வீட்டிலும் ஒரு ஜன்னல் இருக்கிறது.)

மகேன்: ...மீ வெந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுத்தான் இதை ஊற்ற வேண்டும். கொதித்தால் வாசம் போய்விடும்.

பெரியம்மா: போய்விடுமா? அப்படியென்றால் கொதிக்க விடு.