படச்சுருளின் செலவு எங்கே போனது?

டிஜிட்டல் வந்ததால் படமெடுக்கும் செலவு குறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால், யாருடைய செலவு என்று கேட்கத் தோன்றுகிறது. ஃபிலிம் வாங்கும் செலவும் லேபில் கழுவும் செலவும் போய்விட்டன, உண்மைதான். ஆனால் அந்தச் சுமையில் பெரும்பங்கு படப்பிடிப்பு முடிந்தபின் வேலை பார்ப்பவர்கள் தலையில் இறங்கியிருக்கிறது. எடிட்டிங் அறையில் வேலை செய்கிறவன் என்பதால் தினமும் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

35 எம்எம் ஃபிலிமில் ஒரு அடிக்கு 16 ஃப்ரேம். வினாடிக்கு 24 ஃப்ரேம் ஓடினால் நிமிடத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரோல் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும். 400 அடி ரோல் நாலரை நிமிடம்கூடத் தாங்காது. கேமரா ஓடினால் காசும் கூடவே ஓடும். அதனால்தான் ஒத்திகை இருந்தது. எந்தக் கோணம், எங்கே கட், வசனத்தில் எந்த வரி வேண்டாம் என்பதையெல்லாம் 'ஆக்‌ஷன்' சொல்வதற்கு முன்பே பேசி முடித்துவிடுவார்கள்.

இப்போது கேமராவை நிறுத்தாமலே "அப்படியே இன்னொரு தடவை போகலாம்" என்கிறார்கள். ஒரு கேமரா போதுமான இடத்தில் மூன்று நிற்கிறது. எந்த டேக் நல்லது என்று அங்கேயே முடிவெடுக்க வேண்டிய அவசியம் இல்லை, எல்லாம் எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம். சரி, அதை யார் பார்ப்பது? உதவி எடிட்டர்தான். 'ஆரி' கேமராக்கள் பதிவுசெய்யும் 'ஆரிரா' என்ற சுருக்கப்படாத ஃபுட்டேஜ், 2.8கே அளவில் (படத்தின் அகலம் சுமார் 2,800 புள்ளிகள்) மணிக்குச் சுமார் 600 ஜிபி. அதை நகலெடுக்க வேண்டும், நகல் சரியாக வந்திருக்கிறதா என்று செக்சம் (மூலத்தோடு ஒப்பிடும் எண்) பார்க்க வேண்டும், எடிட்டிங்குக்கு ப்ராக்ஸி என்கிற சிறிய பிரதி போட வேண்டும், ஒலியோடு சிங்க் செய்ய வேண்டும், டேக் வாரியாகப் பெயரிட்டு அடுக்க வேண்டும். அப்புறம்தான் எடிட்டர் உட்கார்ந்து பார்க்கவே முடியும். ஃபுட்டேஜ் எத்தனை மடங்கு கூடினாலும் ரிலீஸ் தேதி மட்டும் நகர்வதில்லை. ராத்திரி முழுக்க விழித்திருந்து அந்த இடைவெளியை அடைப்பவர்களுக்குச் சம்பளமும் கூடுவதில்லை. எனக்குக் கோபம் இதில்தான்.

பழைய முறைக்கே திரும்ப வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நெகட்டிவ் கட்டிங் என்பது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்த வேலை. கையுறை போட்டு, ஃபிலிம் ஓரத்தில் அச்சான எட்ஜ் நம்பரைப் பார்த்துப் பார்த்து மூலப்பிரதியையே வெட்டுவார்கள். ஒரு இடத்தில் தப்பாக வெட்டினால் திரும்பக் கிடையாது. நிறத்தையும் நினைத்துப் பாருங்கள். லேபில் ஒரு ஷாட்டுக்கு மூன்று எண்கள்தான்: சிவப்பு, பச்சை, நீலம், ஒவ்வொன்றும் 1 முதல் 50 வரை. வானத்தை மட்டும் இருட்டாக்க வேண்டும், முகத்தை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்க வேண்டும் என்றால் அங்கே வழியில்லை. படம் முழுவதையும் ஸ்கேன் செய்து கணினியில் நிறம் திருத்தும் டிஐ (டிஜிட்டல் இன்டர்மீடியட்) 2000-க்குப் பிறகு பரவியபோதுதான் ஒளிப்பதிவாளர்களுக்கு அந்தக் கதவு திறந்தது. எங்கள் வேலை கேமராவுக்கு முன்பே மாறிவிட்டது. கணினியில் எடிட் செய்யும் அவிட் 1989-லேயே வந்தது. கணினியில் எடிட் செய்த படத்துக்கான முதல் எடிட்டிங் ஆஸ்கரை ஹாலிவுட் எடிட்டர் வால்டர் மர்ச் 1997-ல் வாங்கினார். அந்தப் படம் ஃபிலிமில் எடுத்ததுதான். டிஜிட்டல் கேமராவும் ப்ரொஜெக்டரும் பரவியது அதற்குப் பின்னால்தான். 2013-ல் ஃப்யூஜி சினிமா படச்சுருள் தயாரிப்பையே ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்திவிட்டது. காசில்லாத பிள்ளைகளும் இன்று படமெடுக்க முடிகிறதே, அதற்காக மட்டுமே டிஜிட்டலுக்கு நான் காலமெல்லாம் நன்றி சொல்வேன்.

ஆனால் எடுத்த படத்தை வைத்துக் காப்பாற்றும் செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆஸ்கர் அகாடமி 2007-ல் ஒரு கணக்குப் போட்டது. ஒரு படத்தின் ஃபிலிம் மாஸ்டரை (மூலப்பிரதியை) பாதுகாக்க ஆண்டுக்கு 1,059 டாலர். அதையே 4கே டிஜிட்டல் மாஸ்டராக வைத்திருக்க 12,514 டாலர். அதன்பின் டிஸ்க் விலை வெகுவாக இறங்கியிருக்கிறது. ஆனாலும் பழைய டேப்பிலிருந்து புதியதற்கு மாற்றிக்கொண்டே இருக்கும் வேலை ஓயவில்லை. டேட்டாவைச் சேமித்து வைக்கும் எல்டிஓ என்ற டேப்பையே பாருங்கள்: 2015-ல் வந்த எல்டிஓ 7 டேப்பை 2021-ல் வந்த எல்டிஓ 9 டிரைவ் படிக்காது. ஆறே வருட இடைவெளிதான்!

ஃபிலிமும் அழியும், மறுக்கவில்லை. பழைய நைட்ரேட் ஃபிலிம் தீப்பிடிக்கும், அதற்குப் பின் வந்த அசிடேட் ஃபிலிம் புளித்துச் சுருங்கும், நிறம் வெளிறும். சத்யஜித் ராயின் அபு வரிசைப் படங்களின் நெகட்டிவ்கள் 1993-ல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீவிபத்தில் கருகின. அந்தக் கருகிய சுருள்களையே பிற்பாடு இத்தாலியின் பொலோனியாவுக்குக் கொண்டுபோய், ஈரமேற்றி இளக்கி, கிழிசல்களைக் கையால் ஒட்டி ஸ்கேன் செய்தார்கள். முதல் இரண்டு படங்களின் கணிசமான பகுதி அப்படி நெருப்பில் வெந்த நெகட்டிவிலிருந்தே மீண்டது. மிச்சத்துக்கு வேறு பிரதிகள் உதவின. 2015-ல் மூன்றும் திரைக்குத் திரும்பின. டிஜிட்டல் பக்கத்தையும் பாருங்கள். 1998-ல் பிக்சார் அனிமேஷன் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது, தவறாகக் கொடுத்த ஒரே கட்டளையில் படத்தின் பெரும்பகுதி அழிந்தது. பேக்கப்பும் சரியாக வேலை செய்யவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்த்த ஒரு ஊழியரின் கணினியில் ஒரு நகல் இருந்ததால் படம் பிழைத்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்த நிலை என்றால், ரிலீஸ் ஆனதும் ஹார்டு டிஸ்க்கை அலமாரியில் போட்டுவிட்டுப் போகும் சின்னத் தயாரிப்பாளரின் படம் என்ன ஆகும்? பல வருடம் ஓடாமல் கிடந்த டிஸ்க் திரும்பச் சுழலும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

தயாரிப்பாளர் நண்பர்களிடம் கேட்பது இதுதான். போஸ்ட் ப்ரொடக்‌ஷனுக்கான நாட்களைப் படப்பிடிப்புக்கு முன்பே எழுதி வையுங்கள்; ஃபுட்டேஜ் கூடினால் நாட்களும் கூலியும் கூட வேண்டும். தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதியான டிசிபியைக் காப்புப் பிரதி என்று நினைக்காதீர்கள். அது சுருக்கிய பிரதி, பெரும்பாலும் பூட்டுப் போட்டது. அதைத் திறக்கும் கேடிஎம் என்ற டிஜிட்டல் சாவிக்குக் காலாவதித் தேதி உண்டு. பூட்டில்லாத மாஸ்டர், ஒலியின் தனித்தனி ஸ்டெம்கள் (வசனம், இசை, மற்ற ஒலிகள் எனப் பிரித்து வைத்தவை), எடிட்டிங் ப்ராஜெக்ட் மூன்றையும் இரண்டு வெவ்வேறு ஊர்களில் வையுங்கள். சில வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதிய டேப்புக்கு மாற்றப்போவது யார், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பதைப் படத்தின் பட்ஜெட்டிலேயே ஒரு வரியாகச் சேருங்கள்.