ரோரி காலகருக்காக யாரும் பரிதாபப்பட வேண்டாம்

ஐரிஷ் ராக் கிட்டார் கலைஞர் ரோரி காலகரைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டாவது வரியிலேயே அந்தப் பெருமூச்சு வந்துவிடுகிறது: கிடைக்க வேண்டிய புகழ் கிடைக்காத கலைஞர். அதற்கடுத்து ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வந்துவிடுவார். உலகின் தலைசிறந்த கிட்டார் கலைஞராக இருப்பது எப்படி இருக்கிறது என்று அவரிடம் யாரோ கேட்டார்களாம். அதை ரோரி காலகரிடம் போய்க் கேளுங்கள் என்றாராம். எந்தப் பேட்டியில், எந்த ஆண்டில், யாரிடம் சொன்னார் என்றால் பதில் கிடையாது. நம்பத் தகுந்த சான்று எதையும் யாரும் காட்டியதில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் ஜூன் 14, ரோரியின் நினைவு நாள் வந்ததும் இந்தக் கதை ஊர்வலம் கிளம்பிவிடுகிறது. ஒரு கலைஞனைப் புகழ்வதற்கு இறந்துபோன இன்னொரு கலைஞனின் வாயில் வார்த்தையைத் திணிக்க வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அந்தப் பெருமூச்சையே நான் ஏற்கவில்லை. புகழ் அவரைத் தவறவிட்டது என்பது சரியல்ல. அதற்கான வாசல்கள் திறந்தே இருந்தன, அவர்தான் நுழையவில்லை. தரவரிசைப் பட்டியலில் ஏறுவதற்குத் தனிப்பாடல் இசைத்தட்டுகள் வெளியிட வேண்டும். அதில் அவருக்கு விருப்பமே இல்லை. அவர் தன் வேலை என்று நினைத்தது ஒன்றைத்தான்: இரவு அரங்கில் நின்று, எதிரில் இருப்பவர்களுக்கு வாசிப்பது. அந்த அளவுகோலில் அவர் தோற்ற இரவுகள் மிகக் குறைவாகவே இருந்திருக்கும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், ராக் இசையிலிருந்து வரவில்லை. 1948இல் டொனிகால் மாவட்டத்தின் பாலிஷானன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அங்கே எர்ன் ஆற்றின் நீர்மின் திட்டத்தில் வேலை பார்த்தவர், அக்கார்டியன் வாசிப்பவர். சிறு வயதில் சில ஆண்டுகள் டெரியில், பிறகு தெற்கே கார்க் நகரில். அறுபதுகளின் அயர்லாந்தில் கிட்டார் வாசிக்கத் தெரிந்த பையனுக்கு இருந்த ஒரே பிழைப்பு ஷோபேண்ட். ஒரே மாதிரி கோட்டு சூட்டு அணிந்து, வரிசையாக நின்று, வானொலியில் ஓடும் பாடல்களை அப்படியே வாசிக்கும் நடனக் குழுக்கள் அவை. சில அரங்குகளில் ஐந்து மணி நேரம்கூட வாசிக்க வேண்டும். ஆடுகிறவர்கள் நின்றால் அரங்கு காலியாகிவிடும். ஆகவே வாசிப்பு நிற்கக்கூடாது. தவக்காலத்தில் திருச்சபையின் சொல்லுக்கு அஞ்சி அயர்லாந்தின் நடன அரங்குகள் மூடிவிடும். அந்த நாட்களில் குழுக்கள் வேனில் ஏறி, ஐரிஷ் கூலித் தொழிலாளர்கள் இருக்கும் இங்கிலாந்து நகரங்களுக்குப் போய்விடும்.

ரோரி பதினைந்து வயதில் இந்த வேனில் ஏறியவர். கோட்டு சூட்டு அவருக்குப் பிடிக்கவில்லை, அந்தப் பாடல்களும் பிடிக்கவில்லை. ஆனால் மக்கள் முன்னால் நின்று தாக்குப்பிடிக்கும் உடம்பை அந்தக் குழுக்கள்தான் அவருக்குக் கொடுத்தன. ஷோபேண்டுகளைக் கேலி செய்வது ஐரிஷ் ராக் ரசிகர்களின் பழைய வழக்கம். எனக்கென்னவோ அந்தக் கேலியில் நன்றிகெட்டத்தனம் இருப்பதாகப் படுகிறது.

ரோரியின் அடையாளமாகிவிட்ட அந்தப் பழுப்பு கிட்டாரும் ஷோபேண்டின் வழியாகத்தான் வந்தது. ராயல் ஷோபேண்டின் கிட்டார் கலைஞர் சிவப்பு நிற ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கேட்டு எழுதியிருந்தார். வந்து சேர்ந்ததோ சன்பர்ஸ்ட் நிறத்தில், அதாவது நடுவில் வெளிறி ஓரத்தில் கருத்திருக்கும் பழுப்பில். சிவப்பு வரும்வரை வாசித்துவிட்டு அதைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தார். 1963இல் கார்க்கில் க்ரௌலி கடை ஜன்னலில் அதைப் பார்த்த ரோரி, ஏறத்தாழ 100 பவுண்டுக்குத் தவணையில் வாங்கினார். அயர்லாந்துக்கு வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அதுதான் என்பார்கள். ஒருமுறை திருடு போய், மழையில் கிடந்து, திரும்பக் கிடைத்தது. அதன் மேல்பூச்சு முக்கால்வாசி உதிர்ந்து வெறும் மரம் தெரிந்தது. உதிர்த்தது மேடை வியர்வை. இன்று புத்தம்புது கிட்டாரை அதே போலச் சுரண்டித் தேய்த்து, 'பழையது போன்ற' தோற்றத்தில் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். வியர்க்காமலே வியர்வைக் கறை வாங்கிக்கொள்ளலாம்.

ஷோபேண்ட் காலம் முடிந்ததும் மூவராக ஹாம்பர்க் போன கதை எனக்கு மிகவும் பிடிக்கும். நான்கு பேர் இருந்தால்தான் வேலை என்று அங்குள்ளவர்கள் சொல்ல, நண்பர் ஒருவரை ஆர்கன் முன்னால் உட்கார வைத்துப் படம் எடுத்து அனுப்பிவிட்டு, அவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி மூவராகவே போய் இறங்கினார்களாம். அதன் பிறகு டேஸ்ட் என்ற குழு. 1968இல் ராயல் ஆல்பர்ட் ஹாலில் க்ரீம் என்ற ராக் குழுவின் விடைபெறும் கச்சேரியில் அவர்களுக்கு முன்னால் வாசிக்கும் வாய்ப்பு. 1970இல் ஐல் ஆஃப் வைட் விழா. அந்த ஆண்டு முடிவதற்குள் குழு உடைந்தது. உடைந்த கதை பணமும் மனக்கசப்பும் கலந்தது, இங்கே வேண்டாம்.

பெல்ஃபாஸ்டைப் பற்றித்தான் நான் எழுத விரும்பினேன். அந்த நகரத்தின் அல்ஸ்டர் ஹால் 1862இல் திறக்கப்பட்டது. 1971 மார்ச்சில் லெட் செப்பலின் ராக் குழுவினர் அங்கே வாசித்திருக்கிறார்கள். அவர்களுடைய மிகப் புகழ்பெற்ற பாடல் முதன்முதலாக மேடையேறியது அந்த இரவில்தான். அதற்குப் பிறகு வட அயர்லாந்தில் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் தரப்புகளுக்கு இடையிலான மோதல் மோசமாகிக்கொண்டே போனது. 1972 ஜூலையில் ஒரே பிற்பகலில் நகரம் முழுக்க இருபது குண்டுகள் வரை வெடித்தன. பெரிய குழுக்கள் வருவதை நிறுத்திக்கொண்டன. காப்பீடு கிடைக்காது, யாருக்கும் துணிவு இல்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ரோரி மட்டும் அந்தப் பத்தாண்டு முழுக்க, ஆண்டுக்கு ஒருமுறையாவது அயர்லாந்தைச் சுற்றி வருவதை விடவில்லை. அந்தச் சுற்றில் பெல்ஃபாஸ்ட் எப்போதும் இருந்தது. அவருடைய பேஸ் கலைஞர் ஜெரி மெக்காவோய் அந்த ஊர்க்காரர்.

1975 ஜூலை 31 அன்று நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வடக்கே பான்பிரிட்ஜில் வாசித்துவிட்டு டப்ளினுக்குத் திரும்பிக்கொண்டிருந்த மயாமி ஷோபேண்டின் வேனை, ராணுவச் சோதனைச் சாவடி போல நடித்து ஒரு கும்பல் நிறுத்தியது. யுவிஎஃப் என்ற புராட்டஸ்டண்ட் ஆயுதக் குழு அது. அதில் சிலர் உண்மையிலேயே பிரிட்டிஷ் ராணுவப் படைப்பிரிவில் இருந்தவர்கள். வேனில் வைக்க முயன்ற குண்டு முன்கூட்டியே வெடித்து, வைத்தவர்களில் இருவரே இறந்தனர். மற்றவர்கள் இசைக்கலைஞர்களை நோக்கிச் சுட்டார்கள். மூன்று பேர் செத்துப்போனார்கள். ரோரி பதினைந்து வயதில் ஏறிய அதே மாதிரியான வேன், அதே மாதிரியான சாலை. அதற்குப் பிறகும் அவர் போனார்.

இதை வீரம் என்று அவர் ஒருபோதும் பறைசாற்றியதில்லை. சமாதானப் பாடல் எழுதவில்லை, மேடையில் உரை நிகழ்த்தவில்லை. கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டண்ட் பிள்ளைகளும் ஒரே அரங்கில் தோளோடு தோள் இடித்து நின்றார்கள், அவர் வாசித்தார், அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அவ்வளவுதான். எழுபதுகளின் ராக் இசை செய்ததாகப் பீற்றிக்கொள்ளும் பெரிய காரியங்களில் பாதி எனக்குப் பொருட்டில்லை. இந்தச் சிறிய காரியம் பொருட்டு.

1974 ஜனவரியில் பெல்ஃபாஸ்ட், டப்ளின், கார்க் என்று மூன்று ஊர்களில் நடந்த அந்தச் சுற்றைப் பதிவு செய்தார்கள்; டோனி பால்மர் படமும் எடுத்தார். கேட்டுப் பாருங்கள். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் செய்த இசைத்தட்டுகளில் பாதி சுமார்தான் என்பது என் கருத்து, ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும். ஆள் இல்லாத அறையில் அவர் கொஞ்சம் விறைத்துப்போகிறார். மேடையில் அதே பாடல் இரண்டு மடங்கு நீள்கிறது, லூ மார்ட்டினின் கீபோர்டு ஒரு பக்கம் இழுக்க, ராட் டியாத்தின் டிரம்ஸ் மறுபக்கம் துரத்த, அடுத்து எது என்று ஒருவருக்கும் தெரியாத ஓர் இடம் வருகிறது. அடுத்த பாட்டு எது என்பது பல நேரம் அவர் கை தொடங்கிய பிறகே குழுவுக்குத் தெரியுமாம். நடுவில் எல்லோரையும் அனுப்பிவிட்டு மாண்டலினைத் தூக்கிக்கொண்டு தனியாக நிற்பார், காலால் தரையைத் தட்டுவார், மொத்த அரங்கும் அந்தத் தட்டலோடு சேர்ந்துகொள்ளும். சில தனிவாசிப்புகள் தேவைக்கு மேல் நீளம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்றைய பெரிய கச்சேரிகளில் இப்படி ஒரு பாட்டை நீட்ட முடியாது. கலைஞர்களின் காதுக்குள் தாளக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். விளக்கும் திரைப்படமும் கணினியில் அதே கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். நான்கு சுற்று கூடுதலாக வாசித்தால் வானவேடிக்கை ஆளில்லாத இடத்தில் வெடிக்கும்.

ரோலிங் ஸ்டோன்ஸ் கதைக்கு வருகிறேன், பெருமூச்சுக்காரர்களின் முக்கியச் சான்று அதுதானே. 1974 கடைசியில் அந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் மிக் டெய்லர் விலகியதும், ரோரியை ராட்டர்டாமுக்கு வரவழைத்தார்கள். சில இரவுகள் சேர்ந்து வாசித்தார். முடிவு சொல்ல அவர்கள் இழுத்தடித்தார்கள். ரோரிக்கோ ஜப்பானில் ஏற்கெனவே கச்சேரிகள் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தன. கிட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். டிக்கெட் வாங்கியவர்கள் அங்கே காத்திருக்கிறார்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

1978இல் இன்னொன்று நடந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஓர் ஆல்பத்தை முழுதாக முடித்திருந்தார். செக்ஸ் பிஸ்டல்ஸின் கடைசி நிகழ்ச்சியை அங்கே நேரில் பார்த்தார். வாசிக்கத் தெரியாத பையன்கள் என்று மூத்தவர்கள் ஏளனம் செய்த குழு அது. அதே நாட்களில் தன் ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, இது வேண்டாம் என்று தூக்கிப்போட்டார். குழுவைக் கலைத்து மூவராகச் சுருக்கி, ஜெர்மனிக்குப் போய் அதில் பல பாடல்களை மீண்டும் பதிவு செய்தார். எத்தனை பேருக்கு இது முடியும்?

கடைசி ஆண்டுகள் வேதனையானவை. விமானப் பயம், அதற்கான மாத்திரைகள், மது, கெட்டுப்போன கல்லீரல். அறுவை சிகிச்சைக்குப் பின் வந்த தொற்றில், 47 வயதில் போய்விட்டார். கடைசிக் கச்சேரி 1995 ஜனவரியில், நிற்கவே சிரமப்பட்ட நிலையில்.

இப்போது நினைவுச் சின்னங்களின் காலம். 2024 அக்டோபரில் அந்த கிட்டார் லண்டனில் ஏலத்துக்கு வந்து, கட்டணங்கள் சேர்த்து 8,89,400 பவுண்டுக்குப் போனது. வாங்கியது கச்சேரிகள் நடத்தும் ஒரு நிறுவனம். அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதற்காக. ஏதோ ஒரு பணக்காரரின் பெட்டகத்துக்குப் போகாமல் இருந்ததில் மகிழ்ச்சி. 2025 ஜனவரியில் அல்ஸ்டர் ஹாலுக்கு வெளியே சிலையும் வைத்துவிட்டார்கள். அந்த இடத் தேர்வில் எனக்கு முழுத் திருப்தி.

அருங்காட்சியகத்திடம் ஒரு கோரிக்கை மட்டும் இருக்கிறது. அந்த கிட்டாரைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். 2011இல் அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜோ பானமாசா லண்டன் மேடையில் அதை இரவல் வாங்கி வாசித்தார், ஒன்றும் உடைந்துவிடவில்லை. ஆண்டுக்கு ஓர் இரவு, பெயர் தெரியாத ஓர் ஐரிஷ் பெண்ணிடமோ பையனிடமோ அதைக் கொடுங்கள். கார்க் சிட்டி ஹாலும் இருக்கிறது, அல்ஸ்டர் ஹாலும் இருக்கிறது. இரண்டிலும் இன்றைக்கும் கச்சேரிகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.