கிரியேட்டினின் நார்மல்தானே என்று ஃபைலை மூடிவிடாதீர்கள்

'கிரியேட்டினின் 0.9, யூரினில் ஆல்புமின் நில் (இல்லை). கிட்னிக்கு ஒண்ணுமில்லை' என்று நிம்மதியாக இருக்கும் சுகர்காரர்கள் நம் சேலத்தில் ஏராளம். கிரியேட்டினின் கிட்னி வெளியேற்றும் கழிவு, ஆல்புமின் ரத்தத்திலுள்ள ஒரு புரதம். அந்த இரண்டு ரிசல்ட்டும் சரியாக இருக்கும்போதே கிட்னியில் புரதக் கசிவு தொடங்கியிருக்கலாம்.

ரத்தத்தில் கிரியேட்டினின் வரம்பைத் தாண்டுவதற்குள் பலருக்கு வடிகட்டும் திறனில் பாதி போயிருக்கும். யூரின் ரொட்டீனில் முக்கி எடுக்கும் பட்டையோ, புரதம் நன்றாகவே ஒழுகினால்தான் நிறம் மாறும். அதுவும் அடர்த்தியை வைத்துத்தான். சித்திரை வெயிலில் அம்மாப்பேட்டை தறிக்காரர் இரண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு சாம்பிள் கொடுத்தால், யூரின் நீர்த்துப்போய் பட்டை 'நில்' காட்டிவிடும்.

அதனால்தான் ஏசிஆர் (ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம்) டெஸ்ட் கேட்டு வாங்குங்கள் என்கிறேன். ஊசி கிடையாது. ஒரே யூரினில் ஆல்புமினையும் கிரியேட்டினினையும் அளந்து வகுப்பார்கள். தண்ணீர் கூடினால் இரண்டுமே சேர்ந்து நீர்க்கும், விகிதம் பெரிதாக மாறாது. ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி. 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு, மருந்து நன்றாகக் கைகொடுக்கும் கட்டம்.

லேபில் முந்தின நாளே டப்பா வாங்கிவிடுங்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் யூரினில் தொடக்கத்தை விட்டுவிட்டு நடுப்பகுதியைப் பிடியுங்கள். ஏற்காட்டிலிருந்து இறங்கி வரத் தாமதமாகும் என்றால் மூடி இறுக்கி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிலக்கு நாட்களில் கொடுக்காதீர்கள். தோட்டத்தில் காபி மூட்டை சுமந்து மேடேறினால் ஒரு நாள் கழித்துக் கொடுங்கள். இதெல்லாம் அளவைப் பொய்யாக ஏற்றிவிடும். சுகரும் பிரஷரும் எகிறிக் கிடந்தாலும் அப்படித்தான்.

ஒரு தடவை 30ஐத் தாண்டியதும் பதற வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் எடுக்கும் மூன்று டெஸ்டில் இரண்டு அதிகமாக இருந்தால்தான் உறுதி. ஆல்புமின் கசியாமலே கிட்னி கெடுவதும் உண்டு, ஆகவே ரத்தத்தில் இஜிஎஃப்ஆரையும் (கிட்னி வடிகட்டும் திறனின் கணக்கு) விட்டுவிடக் கூடாது.

டைப் 2 என்றால் கண்டுபிடித்த அன்றே ஏசிஆர் பார்க்க வேண்டும், ஏனெனில் சுகர் எத்தனை வருடமாக உள்ளே இருந்ததென்று யாருக்கும் தெரியாது. டைப் 1க்கு ஐந்து வருடம் கழித்து. பிறகு வருடம் ஒரு முறை. சுகர் பேக்கேஜ் விற்கும் ஒவ்வொரு லேபும் இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்பேன்.

கசிவு உறுதியானால் டெல்மிசார்டான், ராமிப்ரில் வகை பிரஷர் மாத்திரை ஒன்றும், பொருத்தமானவர்களுக்கு டாபாக்ளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரையும் டாக்டர் எழுதுவார். அந்தப் பிரஷர் மாத்திரையைத் தொடங்கினால் இரண்டு வாரம் போல ஆனதும் பொட்டாசியமும் கிரியேட்டினினும் மறுபடி பாருங்கள். மூட்டுவலிக்குக் கடையில் தானாக வாங்கும் டைக்ளோஃபினாக்கை அன்றோடு நிறுத்துங்கள், அது கிட்னியைக் கெடுக்கும்.