ஐந்து வருட சட்டப் படிப்பு: கட்டுரையில் விட்டுப்போனவை

ஐந்து வருட சட்டப் படிப்பு பற்றி ஒரு கட்டுரை படித்தேன். பட்டம் வாங்கிய கையோடு நீதிபதி தேர்வு எழுதலாம் என்று அதில் இருக்கிறது. அது பழைய கதை. சிவில் நீதிபதி பதவிக்குக் குறைந்தது 3 வருட வக்கீல் அனுபவம் வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வக்கீலாகத் தற்காலிகமாகப் பதிவு செய்த நாளிலிருந்தே அனுபவம் கணக்காகும் என்றும் சொன்னார்கள், அந்த மட்டில் ஆறுதல்.

அப்புறம் இன்டர்ன்ஷிப். வக்கீல் தொழிலையும் சட்டப் படிப்பையும் முறைப்படுத்தும் பார் கவுன்சில் விதிப்படி ஐந்து வருடப் படிப்பில் 20 வாரமாவது செய்ய வேண்டும். பெரிய கம்பெனி பெயருக்காகச் சான்றிதழ் வாங்கி அடுக்குவதைவிட, ஒரு முறையாவது சொந்த ஊர் முன்சீஃப் கோர்ட்டில் (சிவில் வழக்குகளுக்கான கீழ்மட்ட கோர்ட்) ஒரு சீனியர் வக்கீலிடம் உட்காருங்கள். பிராது (வழக்குத் தொடுக்கும் மனு) எப்படி எழுதுவது, கோர்ட் கட்டண ஸ்டாம்ப் எவ்வளவு ஒட்டுவது, வக்காலத்தில் (கட்சிக்காரர் வக்கீலை நியமிக்கும் தாள்) என்ன விட்டால் மனு திரும்பி வரும் என்பதெல்லாம் அந்த வக்கீலின் குமாஸ்தா அண்ணன்தான் சொல்லித்தருவார். வகுப்பில் வரைவு எழுதும் பாடம் இருக்கிறது, சரி, ஆனால் அங்கே யாரும் மனுவைத் திருப்பி அனுப்புவதில்லையே!

கோர்ட் பிடிக்காதவர்களுக்கு வங்கிச் சட்ட அதிகாரி, நிறுவனங்களில் ஒப்பந்த வேலை என்று வழி உண்டு. வக்கீலாக நிற்க நினைப்பவர்கள் முதல் இரண்டு மூன்று வருடம் வீட்டிலிருந்து பணம் வரும் என்று உறுதி செய்துகொண்டு சேருங்கள்.