வெளியே கூட்டிப்போனால் மட்டும் போதுமா?

பிள்ளைகளை வகுப்பை விட்டு வெளியே கூட்டிப்போனால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்று பலர் நம்புகிறார்கள். வெளியே போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் எதுவும் தானாக நடப்பதில்லை. அனுபவத்திலிருந்துதான் கல்வி என்று வாழ்நாள் முழுக்க வாதாடிய அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயியே, எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது, சில அனுபவங்கள் மேற்கொண்டு கற்பதையே தடுத்துவிடும் என்று 1938-இல் எழுதினார்.

அருங்காட்சியகத்துக்கு வரும் பள்ளிக் குழுக்களைக் கவனித்துப் பாருங்கள். கையில் கோடிட்ட இடங்களை நிரப்பும் தாள். கண்ணாடிக்குள் இருக்கும் பானையைப் பிள்ளை பார்ப்பதே இல்லை. பக்கத்து அட்டையிலுள்ள ஆண்டை எழுதிக்கொண்டு அடுத்ததற்கு ஓடுகிறது. அதன்மேல் என்ன தப்பு? நாம் கொடுத்த வேலை அப்படி. ஒரே ஒரு பானையைக் காட்டி, இதை வரை, கழுத்து ஏன் இவ்வளவு குறுகலாக இருக்கிறது, அடியில் ஏன் கரி படிந்திருக்கிறது என்று யோசி என்றால் அந்தப் பிள்ளை அங்கேயே நிற்கும்.

போவதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது. நிர் ஓரியன், அவி ஹாஃப்ஸ்டீன் என்ற இரு ஆய்வாளர்கள், நிலவியல் களப்பயணம் போன மாணவர்களை ஆராய்ந்து 1990-களில் எழுதினார்கள். இடம் புதிது, பாடம் புதிது, அன்றைய நாள் எப்படிப் போகும் என்பதும் புதிது. இந்த மூன்று புதுமையையும் முன்கூட்டியே குறைத்துவிட்டால் மாணவர்கள் அதிகம் கற்கிறார்கள் என்பதே அவர்கள் கண்டது. எங்கே சாப்பாடு, எப்போது திரும்புவோம் என்று சொல்லிவிடுவதுகூடப் பாடத் திட்டத்தில் சேர்த்தி என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

அப்புறம், வெளியே என்றால் பேருந்து வேண்டும் என்றில்லை. மைதானத்தில் ஒரு குச்சி போதும். நிழல் எத்தனை மணிக்கு மிகக் குட்டையாக இருக்கும் என்று முதலில் வகுப்பில் கேளுங்கள். பெரும்பாலும் 12 என்றுதான் பதில் வரும். அதை அவரவர் நோட்டில் எழுதிவைக்கட்டும். பிறகு வெளியே போய், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைக் குறிக்கட்டும். பெரும்பாலான இடங்களில் அது சரியாக 12-க்கு நடக்காது. முன்னேயோ பின்னேயோ நடக்கும். "கடிகாரம் தப்பா?" என்ற கேள்வி எழும். அந்தக் கேள்வியோடு வகுப்புக்குத் திரும்பினால், தீர்க்கரேகையும் நாடு முழுமைக்கும் ஒரே நேரம் வைத்திருக்கும் ஏற்பாடும் மனப்பாடப் பகுதியாக இருக்காது. வகுப்பறை இல்லாமல் அந்தக் குச்சியும் நிழலும் வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும். ஊகத்தை முதலில் எழுதவைக்காமல் விட்டாலும் அப்படித்தான். 12 என்று சொன்னதே மறந்துபோகும்.

திரும்பி வந்த பிறகு என்ன என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் திட்டமிடுவதில்லை. 'எங்கள் சுற்றுலா' என்று ஒரு கட்டுரை, அதோடு சரி. களத்தில் எடுத்த குறிப்புகளை எதிரெதிராக வைத்து, உனக்கு வேறு அளவு, எனக்கு வேறு அளவு, ஏன் என்று பிள்ளைகள் வாதாட ஒரு பாடவேளையாவது வேண்டும்.

பள்ளியிலிருந்து களப்பயணச் சுற்றறிக்கை வந்தால் பெற்றோர் கட்டணம், உணவு, பாதுகாப்பு எல்லாம் விசாரிக்கிறோம். மறுநாள் வகுப்பில் இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள். ஆசிரியர்களும் அந்தப் பாடவேளையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்றபடி போகும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.