பாதியில் நுழையும் பெயருக்கு எத்தனாவது இடம்?

இணையத்தில் மாதிரித் தேர்தல் நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டியலில் இல்லாத பெயரை வாக்காளரே எழுதிச் சேர்க்கலாம் என்று ஒரு விதி வைக்கிறீர்கள். கூடவே 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி முன்னுரிமை வாக்கு போடலாம் என்று இன்னொரு விதி. தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே அருமையான ஏற்பாடுகள். இரண்டையும் சேர்த்து, ஒரு வாரம் திறந்து கிடக்கும் வாக்கெடுப்பில் வைத்தால் முடிவு கோணலாகப் போக நிறைய வாய்ப்பு இருக்கிறது. முடிவு வந்த பிறகு நடக்கும் சண்டைகளைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மொத்தம் 100 வாக்குகள். முதல் இரண்டு நாளில் பட்டியலில் இருப்பது அ, ஆ என்ற இருவர் மட்டும். அதற்குள் 60 பேர் வாக்களித்துவிட்டார்கள்: அ-வுக்கு 32, ஆ-வுக்கு 28. மூன்றாம் நாள் யாரோ இ என்ற பெயரை எழுதிச் சேர்க்கிறார். மீதி 40 பேரில் 28 பேர் இ-க்கு முதலிடமும் ஆ-வுக்கு இரண்டாமிடமும் தருகிறார்கள். அ-வுக்கு 7, ஆ-வுக்கு 5. முதல் சுற்றில் அ 39, ஆ 33, இ 28. யாரும் பாதியைத் தாண்டாததால் கடைசியில் நிற்கும் இ வெளியேறுகிறார். அவருடைய 28 வாக்குகளும் ஆ-வுக்குப் போக, 61 வாக்குடன் ஆ ஜெயித்துவிடுகிறார்.

முறைப்படி எல்லாம் சரி. ஆனால் இ-யின் பெயர் முதல் நாளே பட்டியலில் இருந்திருந்தால்? முதலில் வாக்களித்த 60 பேரில், ஆ-வின் ஆட்களில் 10 பேரும் அ-வின் ஆட்களில் 5 பேரும் அவர் பக்கம் வந்திருப்பார்கள் என்று வையுங்கள். அப்போது இ 43, அ 34, ஆ 23. வெளியேறுவது ஆ. அவருடைய 23 வாக்குகளில் 8 வந்தாலே இ-க்கு 51. அதே மக்கள், அதே மனசு. பெயர் எந்தக் கிழமை எழுதப்பட்டது என்பதை வைத்து வெற்றியாளர் மாறிவிடுகிறார்.

ஒற்றை வாக்குப் போடும் சாதாரண வாக்கெடுப்பிலும் இந்தக் குறை உண்டு. ஆனால் முன்னுரிமை வாக்கில் இது கூடுதலாக உறுத்துகிறது. அங்கே எண் போடாமல் விட்ட இடத்துக்கும் ஒரு பொருள் இருக்கிறது. ஒருவருக்கு எண் போடாவிட்டால் "இவர் எனக்கு வேண்டாம்" என்றோ "இவரைப் பற்றி எனக்குக் கருத்து இல்லை" என்றோ எடுத்துக்கொள்கிறோம். பெயரையே பார்க்காதவர் விட்ட வெற்றிடத்தையும் அதே கணக்கில் சேர்ப்பது நியாயமே இல்லை.

இதற்கு இரண்டு வழிதான் எனக்குத் தெரிகிறது. ஒன்று, பெயர் எழுதும் காலத்தையும் வாக்களிக்கும் காலத்தையும் பிரித்துவிடுவது. மூன்று நாள் யார் வேண்டுமானாலும் பெயர் எழுதலாம்; அதன் பிறகு பட்டியலைப் பூட்டிவிட்டு வாக்குப்பதிவைத் திறக்க வேண்டும். இன்னொன்று, வாக்குப்பதிவு முடியும்வரை எல்லோரும் தங்கள் வாக்குச்சீட்டைத் திருத்தலாம் என்று விடுவது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒருமுறை வாக்களித்தவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து பார்ப்பார்கள்? என் வாக்கு முதல் வழிக்கே. குழு வாக்கெடுப்புகளில் யார் வேண்டுமானாலும் புதிய தேர்வைச் சேர்க்கலாம் என்று ஒரு வசதி இருக்கிறதே, தலைவர் தேர்தல் மாதிரி வைக்கும்போது தயவுசெய்து அதை அணைத்துவிடுங்கள். சுற்றுலாவுக்கு எங்கே போகலாம் என்று கேட்பதற்குத்தான் அது சரி.

"கடைசி நாள் வரை எழுதலாம் என்பதுதானே எழுதிச் சேர்ப்பதன் அழகே?" என்று சிலர் கேட்பார்கள். நிஜத் தேர்தலிலேயே அவ்வளவு தாராளம் கிடையாது. அமெரிக்காவில் இந்த முறை பரவலாக இருக்கிறது, ஆனாலும் பல மாநிலங்களில் அந்த வேட்பாளர் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்யாதவர் பெயரை எழுதினால் எண்ண மாட்டார்கள்.

அங்கே நடந்ததில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது அலாஸ்காவின் 2010 செனட் தேர்தல். லிசா முர்கோவ்ஸ்கி தன் கட்சியின் உட்தேர்தலில் ஜோ மில்லரிடம் தோற்றார். சும்மா இருக்காமல், எழுதிச் சேர்க்கும் வேட்பாளராக நின்றார். அந்தப் பெயரை எழுத்துப் பிழை இல்லாமல் எழுதுவது லேசா? வாக்காளர்களுக்குப் பெயர் அச்சடித்த கைப்பட்டை கொடுத்தார்கள். எண்ணும்போது மில்லர் தரப்பு எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சீட்டுகளுக்கு ஆட்சேபம் தெரிவித்தது. வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிந்தால் எழுத்துப் பிழைக்காகத் தள்ளக்கூடாது என்பது நீதிமன்றம் வரை போய் உறுதியானது. முர்கோவ்ஸ்கி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் ஜெயித்தார்.

நம் மாதிரித் தேர்தல்களில் நீதிமன்றம் இல்லை, அட்மின் மட்டும்தான். ஒருவர் தமிழில் எழுதுவார், ஒருவர் ஆங்கிலத்தில் எழுதுவார், ஒருவர் இனிஷியலை முன்னால் போடுவார், இன்னொருவர் பட்டப்பெயரோடு நிறுத்திக்கொள்வார். எல்லாம் ஒரே ஆளா என்று முடிவு செய்ய யாராவது வேண்டும். அந்த ஆள் பெயர்களை மட்டும் பார்க்கட்டும். எந்தச் சீட்டில் எந்த எண் விழுந்திருக்கிறது என்பது அவர் கண்ணில் படக்கூடாது. எண்ணிக்கை தெரிந்த பிறகு பெயர்களை ஒன்றுசேர்க்க உட்கார்ந்தால், எவ்வளவு நேர்மையானவருக்கும் கை ஒரு பக்கம் சாயும். பட்டியலை முன்பே பூட்டிவிட்டால் இந்தத் தலைவலியே கிடையாது, அதையும் சொல்லிவைக்கிறேன்.

அடுத்து, எல்லாப் பெயருக்கும் எண் போட்டே ஆகவேண்டுமா? ஆஸ்திரேலியாவின் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் அப்படித்தான், எல்லாக் கட்டங்களையும் நிரப்ப வேண்டும். ஆனால் அங்கே எழுதிச் சேர்ப்பது கிடையாது. யார் யாரோ எழுதிய இருபது பெயர்களுக்கும் வரிசை போடச் சொன்னால் வாக்காளர் பாதியில் ஓடிவிடுவார், அல்லது மேலிருந்து கீழாக 1, 2, 3 என்று போட்டுக்கொண்டே போவார். ஆகவே எத்தனை வேண்டுமோ அத்தனைக்கு எண் போட்டால் போதும் என்று விடுவதே நல்லது. பெயர் வரிசையை ஒவ்வொருவருக்கும் கலைத்துக் காட்டுவதும் இணையத்தில் ஒரு பெரிய வேலை இல்லை. அதே ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் அச்சடித்த காகிதத்திலேயே வரிசையை மாற்றி மாற்றிக் கொடுக்கிறார்கள்.

சரி, விருப்பப்படி எண் போடலாம் என்றால் அடுத்த கேள்வி தானாக வருகிறது. எண் போட்ட எல்லோருமே வெளியேறி, போட்ட எண்கள் தீர்ந்துபோன சீட்டை என்ன செய்வது? 1969 இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலையே எடுத்துக்கொள்ளுங்கள். செல்லுபடியான வாக்கு மதிப்பு 8,36,337, தேவைப்பட்டது 4,18,169. முதல் எண்ணிக்கையில் வி. வி. கிரிக்கு 4,01,515, சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548, சி. டி. தேஷ்முக்குக்கு 1,12,769. கடைசியில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், மொத்தத்தில் பத்தாயிரத்துச் சொச்சம் குறையும். அவை வழியில் தீர்ந்துபோனவை. கிரி எப்படியோ தேவையான அளவைத் தாண்டிவிட்டதால் பிரச்சினை இல்லை. அலாஸ்காவில் 2022 ஆகஸ்டில் நடந்த இடைத்தேர்தலில் மூன்றாவதாக வந்து வெளியேறிய நிக் பெகிச்சின் வாக்குகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் இப்படித் தீர்ந்துபோயின. உங்கள் தேர்தலில் "பாதிக்கு மேல்" என்றால் எதில் பாதி? போடப்பட்ட எல்லா வாக்கிலுமா, கடைசிச் சுற்றில் உயிரோடு இருக்கும் வாக்கில் மட்டுமா? இதை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். நான் இரண்டாவதைத்தான் வைப்பேன். இல்லாவிட்டால் யாருமே ஜெயிக்காத தேர்தல் ஒன்று உங்கள் தலையில் விழும்.

அந்த அலாஸ்கா தேர்தலில் வேறொரு வேடிக்கையும் உண்டு. மேரி பெல்டோலா ஜெயித்தார், சாரா பேலின் இரண்டாமிடம். சீட்டுகளைப் பிறகு அலசிப் பார்த்தால், நேருக்கு நேர் நின்றிருந்தால் பெகிச் அந்த இருவரையுமே தோற்கடித்திருப்பார். எல்லோருக்கும் ஓரளவு பிடித்தவர் முதலிடங்கள் குறைவு என்பதால் முதலில் கழன்றுவிட்டார். எழுதிச் சேர்க்கப்படும் வேட்பாளர் பெரும்பாலும் இந்த வகைதான்: பலருக்கு இரண்டாம் தேர்வு, சிலருக்கு மட்டுமே முதல் தேர்வு. கணினிதானே எண்ணப் போகிறது, ஒவ்வொரு ஜோடியையும் மோதவிட்டுப் பார்க்கும் கொண்டோர்சே முறையை வைத்தால் என்ன? டெபியன் மென்பொருள் திட்டம் தன் தலைவரை அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறது. "மேற்கண்ட யாரும் இல்லை" என்பதையும் அங்கே ஒரு வேட்பாளர் மாதிரி வரிசையில் வைக்கிறார்கள். அதைத் தோற்கடிக்க முடியாதவர் போட்டியிலேயே இல்லை. விளையாட்டுக்கு எழுதப்படும் பெயர்களை வடிகட்ட இதைவிட நாகரிகமான வழி எனக்குத் தெரியவில்லை.

அவ்வளவு வேண்டாம், எளிமை போதும் என்பவர்களுக்கு இலங்கை முறை இருக்கிறது. மூன்று விருப்பு வரைதான் போடலாம். முதல் எண்ணிக்கையில் யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர எல்லோரும் ஒரேயடியாக வெளியே. 2024 ஜனாதிபதித் தேர்தலில்தான் முதல் தடவையாக அந்த இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. அனுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காட்டோடும் சஜித் பிரேமதாச 32.76 விழுக்காட்டோடும் அந்தச் சுற்றுக்குப் போனார்கள். விளங்கவைக்க இரண்டு வரி போதும் என்பது இதன் பலம். எழுதிச் சேர்க்கப்பட்டவர் முதல் இருவருக்குள் வருவது கஷ்டம் என்பது பலவீனம்.

கழிக்கும் சுற்றுகளில் இன்னொரு சின்ன விஷயம். ஒற்றை வாக்கு வாங்கிய பெயர்களை மொத்தமாக ஒரே சுற்றில் கழிக்கிறார்கள். தப்பில்லை, ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. கழிக்கப்படும் எல்லோருடைய வாக்குகளையும் கூட்டினாலும் அவர்களுக்கு அடுத்து மேலே நிற்பவரின் வாக்கைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொருவராகத்தான் கழிக்க வேண்டும். சமநிலை வந்தால் முதல் சுற்றில் யார் முன்னால் இருந்தார் என்று பார்ப்பதா, குலுக்கிப் போடுவதா என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

கடைசியாக, எழுதப்பட்ட மனிதரின் சம்மதம். நிஜ ஆள் ஒருவர் பெயரை எழுதிவிட்டு அவருக்குச் சொல்லாமலே ஒரு வாரம் வாக்கு திரட்டுவது அநாகரிகம். பட்டியலைப் பூட்டுமுன் அவரிடம் கேட்டுவிடுங்கள். நடுவில் அவர் மனம் மாறி விலகினால் பதற வேண்டாம், முன்னுரிமை வாக்கில் அதற்கு மருந்து உள்ளேயே இருக்கிறது: ஒவ்வொரு சீட்டிலும் அவர் பெயரை அடித்துவிட்டு அடுத்த எண்களை ஒரு படி மேலே ஏற்றினால் போதும். மறு வாக்குப்பதிவு எல்லாம் தேவையே இல்லை.