லேவில் உடம்பு பழகுவது பரிணாமம் ஆகாது
லடாக்கிலுள்ள லே போன்ற உயரமான ஊரில் சில வாரம் தங்கினாலே மனிதர் பரிணமித்துவிடுகிறார் என்று ஒரு கட்டுரையில் வருவதை ஏற்க முடியவில்லை. 3,500 மீட்டரில் ஆக்சிஜன் குறைவு, அதனால் சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைக் கூடுதலாகச் சுரந்து சிவப்பணுக்களைப் பெருக்குகிறது, அவ்வளவுதான். ராணுவத்தில் இருந்த என் அண்ணன் அங்கிருந்து விடுப்பில் வந்தபோது ஹீமோகுளோபின் அதிகமாக இருந்தது. ஊரில் கொஞ்ச நாளிலேயே பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. அவர் பிள்ளைகளுக்கு அது போகவும் இல்லை. தலைமுறை தலைமுறையாக உயரத்தில் வாழும் திபெத்தியர்களைப் பாருங்கள், பலருக்கு அந்த உயரத்திலும் ஹீமோகுளோபின் நமக்குப் போல எகிறுவதில்லை, ரத்தம் கெட்டியாகிற ஆபத்தும் குறைவு. ஆக்சிஜன் குறைவுக்கு உடம்பு காட்டும் எதிர்வினையைக் கட்டுப்படுத்தும் ஈபிஏஎஸ்1 (EPAS1) மரபணுவின் ஒரு வடிவம் அவர்களிடம் பரவலாக இருப்பது 2010-இல் தெரியவந்தது. அது டெனிசோவன் என்ற பழைய மனித இனத்தின் வழியே வந்தது என்று 2014-இல் காட்டினார்கள். பல தலைமுறை இயற்கைத் தேர்வில் பரவியது அது. அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு வாசகர், அப்போ ஒரே உடம்புக்குள் பரிணாமமே கிடையாதா என்று கேட்டிருக்கிறார். உண்டு, ஆனால் பரிணமிப்பது செல்களின் கூட்டம். தொற்று வந்ததும் பி செல்கள் என்ற வெள்ளையணுக்கள் பெருகுகின்றன, கிருமியைப் பிடிக்க அவை செய்யும் எதிர்ப்பொருள் என்ற புரதத்தின் மரபணுக்களில் பிறழ்வுகள் (மாற்றங்கள்) விழுகின்றன, கிருமியை இறுகப் பிடிப்பவை பிழைக்கின்றன. புற்றுநோய்க் கட்டிக்குள்ளும் இப்படித்தான்: மருந்துக்குத் தப்பிய செல்கள் பெருகித்தான் பலருக்கு நோய் திரும்ப வருகிறது.